குளத்து வண்டலுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

பரப்பலாற்றுப் பாசனக் குளங்களின் ஆயக்கட்டுக்காரர்களுக்கும், ஒட்டன்சத்திரம் வட்டாரக் காய்கறி விவசாயிகளுக்கும் ஒரு திறந்த மடல்



ஐப்பசி அடைமழைக்கு முன்னால் நம் ஊர்க் கூட்டங்களில் பேச்சு எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அணையில் எத்தனை அடி நிற்கிறது, எந்தக் குளத்துக்கு முதல் தண்ணீர், வரத்துக் கால்வாயை யார் எங்கே அடைத்திருக்கிறார்கள், மதகு ஷட்டரை எப்போது சரிசெய்வார்கள், வண்டல் அள்ள அனுமதி கிடைக்குமா. எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் குளத்தின் அடியில் கிடக்கும் மண்ணுக்கு என்ன நடக்கிறது என்ற கேள்வி மட்டும் ஒவ்வோர் ஆண்டும் விடுபட்டுப் போகிறது.

அந்த மண்ணில் கரிமம் சேர்கிறதா, காற்றோடு போகிறதா என்பதைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. தண்ணீர் எத்தனை நாள், எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது ஒன்று. தழைச்சத்தும் மணிச்சத்தும் எவ்வளவு உள்ளே வருகின்றன என்பது மற்றது. மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்ற பேச்சில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. உர மூட்டையோ முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை எந்த அலுவலகத்துக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். மடைத் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடும்பத்தில் பிறந்து, பிறகு மண்ணைப் பற்றிப் படித்தவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வண்டல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வடகாடு, பாச்சலூர் மலைச்சரிவுகளில் உதிரும் சருகும், கரையும் மேல்மண்ணும் மழையோடு பரப்பலாற்றில் இறங்குகின்றன. ஒரு பங்கு அணையிலேயே படிகிறது. அணையைத் தூர்வாருங்கள் என்று நாம் நெடுங்காலமாகக் கேட்டுவருவதே அதற்குச் சாட்சி. மீதி கால்வாய் வழியாக விருப்பாட்சி பெருமாள்குளம், முத்துபூபாலசமுத்திரம், சடையகுளம், செங்குளம், ஜவ்வாதுபட்டி பெரியகுளம் என்று நம் குளங்களில் வந்து அடங்குகிறது. குளத்துக்குள்ளேயே முளைக்கும் கோரையும் சம்பும் பாசியும் செத்து அதோடு சேர்கின்றன. சுற்றிலும் செம்மண்ணாக இருக்கும் பூமியில் குளத்தின் உள்வாய் மண் மட்டும் கறுத்துக் கிடப்பதற்கு இந்தச் சேர்மானம் பெரிய காரணம்.

இதே சருகு நம் வரப்பில் விழுந்தால் அடுத்த ஆடிக்குள் காணாமல் போய்விடும். குளத்துச் சேற்றில் விழுந்தது மட்டும் ஏன் பல ஆண்டுகள் கிடக்கிறது? மாடு வைத்திருப்பவர்களுக்கு விடை தெரியும். மக்காச்சோளத் தட்டை நறுக்கிக் குழியில் மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடினால் அது ஊறுகாய்ப் புல்லாக மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. தார்ப்பாய் ஓரிடத்தில் கிழிந்தால் அந்த இடம் பூசணம் பிடித்துப் போகிறது. குளத்தில் தார்ப்பாயின் வேலையைத் தண்ணீர் செய்கிறது. தேங்கி நிற்கும் நீருக்கடியில் சேற்றுக்குள் ஆக்சிஜன் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்களின் வேலை மந்தப்படுகிறது. வரும் சருகு கூடுதலாகவும் மக்குவது குறைவாகவும் இருப்பதால் மிச்சம் மண்ணில் தங்குகிறது.

இதன் உள்வேலையை வேல்ஸ் நாட்டின் பேங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ் ஃப்ரீமேனும் அவருடன் இருந்தவர்களும் 2001ல் விளக்கினார்கள். செடிகளில் பீனால் என்னும் துவர்ப்புச் சேர்மங்கள் உண்டு. அவற்றைச் சிதைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். தண்ணீருக்கடியில் ஆக்சிஜன் இல்லாததால் அந்த நொதி வேலை செய்யாது. துவர்ப்பு சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்த துவர்ப்பு மற்ற நொதிகளையும் முடக்கிவிடும். ஆக மொத்தச் சிதைவும் மந்தப்படுகிறது. தண்ணீர் வற்றிச் சேற்றுக்குள் காற்று புகுந்தால் துவர்ப்பு சிதைந்து, முடங்கிக் கிடந்த நொதிகள் எல்லாம் ஒன்றாக எழுந்துகொள்கின்றன. ஒரு கோடைக் காய்ச்சல் எவ்வளவு பெரிய வேலையைச் செய்துவிடும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

உலக அளவில் இதன் பெறுமதி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்போதும் ஈரமாக இருந்து சருகு மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த கரிச்சேற்று நிலங்கள் பூமியின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 3 சதவீதம்தான். உலக மண்ணில் இருக்கும் கரிமத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்த 3 சதவீதத்துக்குள் இருக்கிறது. நம் மாநிலத்திலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. நீலகிரியில் சாண்டிநல்லாவின் சேற்றுப் பள்ளத்திலிருந்து எடுத்த மண்ணை வைத்து, ஆர். சுகுமாரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 20,000 ஆண்டுகளின் பருவநிலை மாற்றங்களைக் கணித்து 1993ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பிறகு அந்தக் கணக்கு 40,000 ஆண்டு வரை நீண்டது. அவ்வளவு பழைய புல்லின் எச்சம் மக்காமல் கிடந்தது ஈரத்தால்தான். நம் தலைக்கு மேலே இருக்கும் பழனி மலையிலும் இப்படிச் சதுப்பும் புல்வெளியுமாக இருந்த இடங்கள் பல, வாட்டில் மரக்காடாகவும் யூகலிப்டஸ் தோப்பாகவும் மாறி ஈரம் இழந்தன.

நம் குளங்கள் சாண்டிநல்லா ஆக முடியாது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, மாசி பங்குனியில் குறைந்து, சித்திரையில் வெடித்துக் கிடக்கும் குளங்கள் இவை. ஆண்டுக்கொரு முறை தண்ணீர்ப் போர்வையை விலக்கிவிட்டு மறுபடி மூடுகிறோம். ஆகவே மலைச் சதுப்பின் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆனால் மண்ணுக்குள் நடக்கும் வேலை ஒன்றே.

நீர்மட்டத்தின் வேலையை இனி விரிவாகப் பார்க்கலாம். வற்றும்போது நடப்பது முதலில். இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற சதுப்பை விவசாயத்துக்காக வடித்தபோது, 1851ல் ஓர் இரும்புத் தூணின் தலை தரைமட்டத்தோடு இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அந்தத் தூண் சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. நிலம் அவ்வளவு இறங்கிவிட்டது. நீர் வடிந்து மண் சுருங்கியது ஒரு பகுதி. காற்றுப் பட்டு மக்கி, கரியமில வாயுவாகப் பறந்தது இன்னொரு பகுதி. வற்றிய குளம், ஏரி, ஓடைப் படுகைகளைப் பற்றி 2020ல் வெளிவந்த ஓர் ஆய்வில் உலகெங்கும் 196 இடங்களில் அளந்தார்கள். தண்ணீர் இல்லாமல் கிடக்கும் படுகையும் கரியமில வாயுவைக் கணிசமாக விடுகிறது. மண்ணில் கரிமம், ஈரப்பதம், சூடு மூன்றும் கூடினால் அந்த அளவும் கூடுகிறது என்று கண்டார்கள். வெடிப்பு விட்ட உள்வாயைப் பார்த்து ‘சும்மா கிடக்கிறது’ என்று சொல்கிறோம். அங்கே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கோடைமழை பெய்து காய்ந்த மண் திடீரென்று நனையும்போது இன்னொன்று நடக்கும். கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் வேலை செய்த பர்ச் என்ற ஆய்வாளர் 1958ல் எழுதியது இது: நன்றாகக் காய்ந்த மண் மறுபடி நனையும் சில நாட்களில் நுண்ணுயிர்கள் பெருகி, கரிமத்தைத் தின்று, கரியமில வாயுவை ஒரே மூச்சில் வெளியே தள்ளுகின்றன, தழைச்சத்தும் கரைந்து வெளிவருகிறது. முதல் மழைக்குப் பிறகு மானாவாரிப் பயிர் கரும்பச்சையாக எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். வயலில் அது நமக்கு லாபம். குளத்துக்குள் அது நட்டம். எத்தனை முறை காய்ந்து நனைகிறதோ அத்தனை முறை இருப்பு கரைகிறது.

அப்படியானால் குளத்தை ஆண்டு முழுக்கத் தளும்ப வைத்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. ஆக்சிஜன் சுத்தமாக இல்லாத சேற்றில் வேறொரு கூட்டம் வேலைக்கு வருகிறது. நைட்ரேட், இரும்பு, சல்பேட் ஆகியவற்றைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் தங்கள் பங்கை முடித்த பிறகு மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் கிளம்புகின்றன. சேற்றில் கால் வைத்தால் மேலே வரும் குமிழிகளில் பெரும்பாலும் இருப்பது அந்த வாயுதான். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன், கரியமில வாயுவைப் போல சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

இதில் நம் பக்கத்து அளவீடே இருக்கிறது. தமிழகம், கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் குளம், ஏரி, ஆறு, கால்வாய் என 45 நீர்நிலைகளில் அளந்து, 2014ல் பன்னீர்செல்வம், சிவகிருத்திகா நாச்சிமுத்து முதலானோர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த அளவை இந்தியா முழுமைக்கும் விரித்துப் பார்த்தபோது, நாட்டின் உள்நாட்டு நீர்நிலைகள் ஆண்டுக்குச் சுமார் 21 லட்சம் டன் மீத்தேனும் 2 கோடியே 20 லட்சம் டன் கரியமில வாயுவும் விடுவதாகக் கணக்கு வந்தது. இந்திய நிலப்பரப்பு உள்ளிழுப்பதாக மதிப்பிட்ட கரிமத்தில் 42 சதவீதத்தை ஈடுகட்டிவிடும் அளவு இது. குளம் இருந்தாலே நல்லது என்ற ஒற்றை வரிக் கணக்கு போதாது என்பதை இந்த எண் சொல்கிறது.

நடுவழி ஒன்று உண்டு. பிரிட்டனின் வடிக்கப்பட்ட கரிச்சேற்று நிலங்களைப் பற்றி 2021ல் நேச்சரில் வந்த ஆய்வு, மண்ணுக்குள் ஆழத்தில் கிடக்கும் நீர்மட்டத்தை ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் உயர்த்தும்போதும் ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம் குறைகிறது என்றது. மட்டம் தரைக்கு மிக நெருங்கி மேலே வரும்போதுதான் மீத்தேன் கூடி அந்த லாபத்தைத் தின்னத் தொடங்குகிறது. எண்ணை நாம் இங்கே எடுத்தாள வேண்டாம், போக்கை எடுத்துக்கொள்ளலாம். மண் காயவும் கூடாது, சேறு மேலே சத்து மிகுந்த நீரோடு புளிக்கவும் கூடாது. நெல்லில் இதைத்தான் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள் என்று வேளாண்மைத் துறை நமக்குச் சொல்லிவருகிறது. அங்கே மீத்தேனும் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது.

இனி உரத்துக்கு வருகிறேன். இந்த மடலில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான், ஏனென்றால் நம் ஊரின் தொழிலே காய்கறி. தென் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் காய் அனுப்பும் சந்தை நம்முடையது. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், சின்ன வெங்காயம் என்று போட்டி போட்டு எடுக்கிறோம். காய்கறிக்கு உரம் தாராளமாகப் போகிறது. போட்டதில் பயிர் எடுத்ததுபோக மிச்சம் எங்கே போகிறது?

ஒரு டிஏபி மூட்டையை எடுத்துக்கொள்வோம். 50 கிலோவில் மணிச்சத்து 46 சதவீதம் என்று மூட்டையில் அச்சிட்டிருக்கும். அதைத் தனிமமாக மாற்றினால் ஏறக்குறைய 10 கிலோ பாஸ்பரஸ். பாசியின் உடற்கூற்று விகிதப்படி ஒரு கிலோ பாஸ்பரஸை வைத்து 100 கிலோவுக்குக் குறையாமல் உலர் பாசி வளர முடியும். ஆக ஒரு மூட்டையின் மணிச்சத்து முழுக்கக் குளத்துக்குள் போய்ச் சேர்ந்தால், மற்ற சத்துகளும் இருக்கும்பட்சத்தில், ஒரு டன் உலர் பாசிக்கு அது போதும். மூட்டை முழுவதும் போவதில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு குளத்துக்கு மேலே எத்தனை மூட்டை பிரிக்கப்படுகிறது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கும் இல்லை. கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில் ‘226’ என்று எண்ணிட்ட ஏரியை 1973ல் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கரிமமும் தழைச்சத்தும் கொடுத்தார்கள். மறுபக்கம் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தார்கள். மணிச்சத்து விழுந்த பக்கம் பச்சைப் பாயாக மாறியது. மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. ஆகாயத்தாமரை மூடிய குளத்தைப் பார்த்தால் அங்கே எந்தச் சத்து வந்து விழுகிறது என்று நமக்குப் புரிய வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பாசியும் ஆகாயத்தாமரையும் காற்றிலிருந்து கரிமத்தைத்தானே எடுக்கின்றன, அதிகம் வளர்ந்தால் அதிகம் மண்ணில் சேரும்தானே என்று. ஓரளவு சேரத்தான் செய்யும். ஆனால் எது சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கோரை, சம்பு ஆகியவற்றின் வேரும் தண்டும் நார் மிகுந்தவை. சேற்றில் நின்று நிதானமாகப் படியும். சத்து ஊட்டி வளர்ந்த பாசியும் ஆகாயத்தாமரை இலையும் தழைச்சத்து மிகுந்த மெதுமெதுப்பான பொருள், நுண்ணுயிருக்கு விருந்து. செத்து அடியில் விழுந்ததும் தண்ணீரில் இருக்கும் மிச்ச ஆக்சிஜனையும் தின்று தீர்த்து, மீத்தேன் உண்டாக்கும் கூட்டத்துக்குத் தீனியாகிவிடும். ஏரி, அணைகளில் சத்து பெருகிக்கொண்டே போனால் வரும் நூற்றாண்டில் அவற்றின் மீத்தேன் வெளியீடு 30 முதல் 90 சதவீதம் வரை கூடலாம் என்று 2019ல் ஓர் ஆய்வு கணித்தது.

சத்து, வருகிற சருகின் தன்மையை மாற்றுவதோடு நின்றுவிடுவதில்லை. ஏற்கெனவே சேர்ந்த இருப்பிலும் கை வைக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் பிளம் தீவு உவர்ச் சதுப்பில் ஒன்பது ஆண்டுகள் சத்து கலந்து பார்த்தார்கள். 2012ல் முடிவு வந்தது. மேலே புல் செழித்தது. கீழே வேர் குறைந்தது. சத்து எளிதாகக் கிடைக்கும்போது செடி வேரை ஆழமாக ஓட்ட வேண்டிய தேவை இல்லை. மண்ணில் மக்கல் வேகமெடுத்து, ஓடைக்கரைகளே சரிந்து விழுந்தன. கனடாவின் மெர் ப்ளூ சதுப்பில் பல ஆண்டு உரமிட்டுப் பார்த்தபோது புதர் ஓங்கி, கரிமத்தைச் சேர்த்துவைத்த சதுப்புப் பாசி அழிந்து, அந்த நிலம் உள்ளிழுத்த கரியமில வாயுவின் அளவே குறைந்தது. மேலே பச்சையாகத் தெரிவதை வைத்துக் கீழே இருப்பு கூடுகிறது என்று முடிவு கட்ட முடியாது.

தழைச்சத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. யூரியாவின் தழைச்சத்து நைட்ரேட்டாகி சேற்றுக்குள் போனால், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் அதைப் பயன்படுத்தியே பழைய கரிமத்தைச் சிதைக்கின்றன. போகும் வழியில் நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் வெளியேறும். ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மணிச்சத்தோ சேற்றில் இரும்போடு பிணைந்து உட்கார்ந்துகொள்ளும். நம் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. சேறு ஆக்சிஜன் இழந்ததும் அந்தப் பிணைப்பு விட்டு, மணிச்சத்து மறுபடி தண்ணீருக்கு ஏறும். எனவே இந்த ஆண்டு போட்ட உரம், வரும் ஆண்டுகளிலும் பாசியாக எழுந்துகொண்டிருக்கும்.

உங்களில் சிலர் கேட்கலாம்: நாங்கள் உரம் போடுவது குளத்துக்குக் கீழே ஆயக்கட்டில், அது எப்படி மேலே இருக்கிற குளத்துக்குள் போகும்? உங்கள் குளத்துக்குப் போகாது. அடுத்தவர் குளத்துக்குப் போகும். நம் பக்கத்துக் குளங்கள் பலவும் சங்கிலிக் குளங்கள். ஒரு குளத்தின் மறுகால் தண்ணீரும் அதன் ஆயக்கட்டில் வடியும் தண்ணீரும் கீழ்க்குளத்துக்கு வரத்து. மேல்குளத்துக்காரர் தூவிய உரம் கீழ்க்குளத்துக்காரருக்குப் பாசி. அதற்கும் கீழே நங்காஞ்சியாறு, இடையகோட்டை அணை, அமராவதி, காவிரி என்று வழி நீள்கிறது. தண்ணீர்ப் பங்கீட்டுக்காக மேல்குளமும் கீழ்க்குளமும் சண்டை போட்ட வரலாறு நமக்கு உண்டு. உரத்துக்காக இரு தரப்பும் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசியிருக்கிறோமா?

இதையெல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. 2017ல் வந்த மத்திய அரசின் ஈரநில விதிகள், பாசனத்துக்காக வெட்டப்பட்ட நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவைத்திருக்கின்றன. வேடந்தாங்கல், கூந்தன்குளம், கரைவெட்டி, திருப்பூரின் நஞ்சராயன் குளம் போன்றவை உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்திருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு 20 ராம்சர் தளங்கள் உண்டு. அவற்றில் பலவும் பாசனக் குளங்களே. ஆனால் மாநிலத்தில் இருக்கும் சுமார் 39,000 குளங்களில் பட்டியலுக்குள் வந்தவை கைவிரல் கணக்கு. மற்றவற்றுக்கு ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சேற்றின் இருப்பைக் காக்கச் சட்டம் இல்லை. அந்த இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

அந்த இருப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் உள்வாயில் மேல் அரையடி மண்ணின் எடை சுமார் 800 முதல் 900 டன். அதில் 1 சதவீதம் கரிமம் இருந்தால் 8, 9 டன். அது முழுக்கக் காற்றில் போனால் 30 டன் அளவுக்குக் கரியமில வாயு. நம் மேட்டுக்காட்டு மண்ணில் கரிமம் அரை சதவீதத்துக்குக் கீழே என்று மண்வள அட்டை வாங்கியவர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த மண்ணுக்கு இந்த வண்டல் மருந்து. கார்பனுக்குப் பணம் வரும் என்று ஆசை காட்ட நான் எழுதவில்லை. ஈரம் பிடிக்கும் மண், நாறாத தண்ணீர், சாகாத மீன், நைட்ரேட் ஏறாத கிணறு. இந்த நான்கும் ஒரே கணக்கின் வரவுகள்.

எனவே உங்களிடம் என் வேண்டுகோள்கள் இவை.

முதலாவது, மடையை ஒட்டத் திறந்து குளத்தைத் துடைத்து எடுக்கும் பழக்கத்தைச் சங்கத்தில் பேசி நிறுத்துங்கள். கடைசி ஓர் அடித் தண்ணீரால் ஆயக்கட்டில் காப்பாற்றப்படும் பயிர் சொற்பம். அது குளத்தில் நின்றால் நடுப்பள்ளம் கோடையிலும் ஈரமாக இருக்கும், ஆடுமாடு குடிக்கும், பக்கத்துக் கிணறு ஊறும். எந்த மட்டத்துக்குக் கீழே மடையைத் தொடக்கூடாது என்பதைத் தீர்மானமாக எழுதி, கரையில் ஒரு அளவுக்கல் நட்டு, நீர்க்கட்டிக்குச் சொல்லிவிடுங்கள். 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இப்படிப்பட்ட தீர்மானங்களுக்கு ஏற்ற இடம்.

இரண்டாவது, வண்டலை எடுங்கள், ஆனால் சமமாக எடுங்கள். வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணம் இல்லாமல் எடுக்க வழி இருக்கிறது. 2017ல் வந்த நடைமுறையில் புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை என்று வரம்பு வைத்தார்கள். ஏக்கர் முழுக்கப் பரப்பினால் அது ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான கனம். வண்டலைத் தாண்டிக் கீழே இருக்கும் சரளையையும் கிராவலையும் ஆள் உயரத்துக்குத் தோண்டுவது தூர்வாரல் ஆகாது. அது மண் வியாபாரம். வயலில் கொட்டிய வண்டலை வெயிலில் மாதக்கணக்கில் குவியலாகக் காயவிடாதீர்கள். பரப்பி, தொழுவுரத்தோடு கலந்து உழுது, உடனே பயிர் வையுங்கள். கொஞ்சம் கரிமம் எப்படியும் போகும். மிச்சம் வேரோடு சேர்ந்து நிற்கும்.

மூன்றாவது, வண்டல் போட்ட வயலுக்கு டிஏபியைக் கழித்துப் போடுங்கள். குளத்து மண்ணில் ஏற்கெனவே நம் பழைய மணிச்சத்து இருக்கிறது. மண்ணைப் பரிசோதித்து, எவ்வளவு குறைக்கலாம் என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். காய்கறிக்குச் சொட்டுநீர் வழியாக உரம் கொடுத்தால் வழிந்தோடுவது வெகுவாகக் குறையும். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு முழு மானியம் இருக்கிறது. மழை மேகம் கட்டி நிற்கும்போது யூரியா தூவாதீர்கள். வரத்துக் கால்வாயை ஒட்டி நாலடி அகலத்துக்குப் புல்லோ கோரையோ விட்டுவையுங்கள். வழிந்து வரும் மண்ணிலும் மணிச்சத்திலும் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடும்.

நான்காவது, குளத்தை எதற்கும் கொட்டுமிடமாக்காதீர்கள். அழுகிய தக்காளிக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் இது பொருந்தும். மீன் குத்தகை விடும் ஊர்கள், மீன் பெருக்கக் கோழி எரு கொட்டக்கூடாது என்பதை ஏல நிபந்தனையிலேயே எழுதுங்கள். சந்தைக் கழிவு குளத்தில் மக்கினால் மீத்தேன் காற்றுக்குப் போகும். மூடிய கலத்துக்குள் மக்கினால் அதே மீத்தேன் அடுப்புக்கும் மின்சாரத்துக்கும் ஆகும். சென்னை கோயம்பேடு சந்தையில் 2005 வாக்கிலேயே நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவுக்கு அப்படியொரு ஆலை அமைத்தார்கள். நம் சந்தைக்கும் அந்தப் பேச்சை வியாபாரிகளும் விவசாயிகளும் சேர்ந்து எழுப்ப வேண்டும்.

ஐந்தாவது, ஆகாயத்தாமரையை மூழ்கி அழுகும் முன்னரே வாரி எடுங்கள். கரையோரம் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் சாறு மறுபடி குளத்துக்கே போகும். கரைக்கு வெளியே கொண்டுபோய்ச் சாணத்தோடு மக்கவையுங்கள். ஒவ்வொரு வண்டி ஆகாயத்தாமரையோடும் குளத்துக்குள் வந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் வெளியேறுகின்றன. கரையோரக் கோரையையும் சம்பையும் முழுக்க அழிக்க வேண்டாம். வழியை அடைக்கும் இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

கடைசியாக, அளந்து எழுதுங்கள். மாதம் ஒருமுறை நீர்மட்டம், ஆண்டுக்கு ஒருமுறை உள்வாயில் ஐந்தாறு இடத்து மண்ணில் கரிமமும் மணிச்சத்தும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மண் பரிசோதனைக்குத் திண்டுக்கல்லில் வசதி இருக்கிறது. காந்திகிராமப் பல்கலைக்கழகம் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மாணவர்களை அனுப்புங்கள் என்று சங்கத்தின் பேரில் கேட்டுப்பாருங்கள். சில ஆண்டுகள் எழுதிவைத்தால், நம் குளம் கரிமத்தைச் சேர்க்கிறதா இழக்கிறதா என்று வெளியூர் ஏரியின் எண்ணைக் கடன் வாங்காமல் நாமே சொல்லலாம்.

இதில் எதற்கும் புதிய சட்டமோ பெரிய நிதியோ காத்திருக்க வேண்டியதில்லை. வரும் சங்கக் கூட்டத்தில் மடையின் கடைசி அடியையும் வண்டல் போட்ட வயலின் டிஏபியையும் பேச்சுக்கு எடுங்கள். இரண்டில் ஒன்றையாவது தீர்மானமாக்கி, கையெழுத்துப் போட்டு, இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
ஒட்டன்சத்திரம்